உண்ணாத மீன்: தார்ப்பன் தூண்டில் விளையாட்டின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

முன்னுரை

மெக்சிக்கோ வளைகுடாவின் மேற்குக் கரையிலே, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ரெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த போட் அரன்சாஸ் என்னும் சிறு துறையில், 1886 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட விடுதியொன்று உள்ளது. தீயாலும் சூறாவளியாலும் அழிந்து மீளக் கட்டப்பட்ட அவ்விடுதியின் முன்கூடத்துச் சுவர்களிலே மீன்செதில்கள் ஆயிரக்கணக்கில் பதிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ உள்ளங்கையளவு அகலமானது. மீனைப் பிடித்தவர் தம் பெயரையும் ஊரையும், பிடித்த நாளையும், மீனின் அளவையும் அதிலே எழுதி வைத்துள்ளார். 1937 ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கு வந்து தூண்டிலிட்ட ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ற் கையொப்பமிட்ட செதிலும் அங்கே பேணப்படுகின்றது. ஒரு காலத்தில் அவ்வூரே அம்மீனின் பெயரால் தார்ப்பன் என வழங்கிற்று.

இச்செதில்களுக்குரிய மீன்களுட் பெரும்பாலானவற்றை எவரும் உண்ணவில்லை. முள் மிகுந்த அதன் தசையை அந்நாட்டார் விரும்புவதில்லை. அங்காடியில் அதற்கு விலையும் இருந்ததில்லை. அவ்வாறாயின் நெடுந்தொலைவு பயணஞ்செய்து, பெரும்பொருள் செலவிட்டு, வெயிலிற் பல மணிநேரம் காய்ந்து அதனைப் பிடித்தமைக்குக் காரணம் யாது? தூண்டிலிற் பட்ட மீன் நீரைவிட்டு மேலெழும் பாய்ச்சலும், அது காண்போருள்ளத்தில் எழுப்பும் கிளர்ச்சியுமே காரணம் என்பர். இவ்விடை உண்மையே, ஆயினும் வரலாற்று மாணவருக்கு இது போதாது. உள்ளக்கிளர்ச்சியும் வரலாற்றுக்கு உட்பட்டதே. எத்தகைய கருவிகளும் செல்வமும் உழைப்பும் அதனைச் சாத்தியமாக்கின என்பதும், அதன் விலையை யார் செலுத்தினர் என்பதும் ஆராயத்தக்கன. மீன்பிடியைத் தொழிலாகவே அறிந்து வளர்ந்த நமது கரையோரச் சமூகத்தவர்க்கு, அதனை இன்பமாக மட்டுமே கொண்ட ஒரு சமூகத்தின் கதை புதுமையானதாகத் தோன்றலாம். அப்புதுமையே நம்மைச் சிந்திக்கவும் வைக்கும்.

மீனும் அதன் இயல்பும்

தார்ப்பன் இனத்தில் இரண்டு வகைகளே இன்று எஞ்சியுள்ளன. ஒன்று இந்து சமுத்திரத்திலும் பசிபிக்கிலும் வாழ்வது; இலங்கையின் களப்புகளிலும் கழிமுகங்களிலும் காணப்படுவது இதுவே. இது பெரும்பாலும் மூன்றடிக்கு உட்பட்ட சிறுமீன். மற்றையது அத்திலாந்திக் சமுத்திரத்துக்குரிய பெருமீன். அது எட்டடி நீளம் வரை வளரவல்லது. 2003 ஆம் ஆண்டு மேற்கு ஆபிரிக்காவின் கினி-பிசாவுக் கரையிற் பிடிக்கப்பட்ட ஒன்று 286 இறாத்தலுக்கு மேல் நிறை கொண்டிருந்தது. இக்கட்டுரை இப்பெருமீனைப் பற்றியதே.

இம்மீனின் உடலமைப்பில் மூன்று இயல்புகள் அதன் வரலாற்றையே தீர்மானித்தன எனலாம். முதலாவது, அதன் காற்றுப்பை சுவாசப்பை போலவும் தொழிற்படுவது. மேற்பரப்புக்கு வந்து வாயாற் காற்றை விழுங்கி அது உயிர்க்கின்றது. அதனால் ஒட்சிசன் குறைந்த கண்டற் குட்டைகளிலும் அதன் குஞ்சுகள் வாழவல்லன. முதிர்ந்த மீன்கள் கூட்டமாக மேலே வந்து புரண்டு மறைவதைக் கரையிலிருந்தே காணலாம். ஆதலால் தூண்டிற்காரன் தன் இரையைக் கண்ணாற் கண்டபின்னரே தூண்டிலை எறியக்கூடியவனாகின்றான். இரண்டாவது, அதன் வாய் எலும்பாலானது. தூண்டிலின் முனை அதிற் பதிவது அரிது. பதிந்தாலும் மீன் தலையை உதறிப் பாயும்போது பெரும்பாலும் கழன்றுவிடும். மூன்றாவது, அதன் மெதுவான வளர்ச்சி. ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழிந்த பின்னரே அது இனம்பெருக்கத் தகுதியடைகின்றது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழ்கின்றது. சிக்காகோ நகரத்து ஷெட் நீர்வாழ் காட்சியகத்துக்கு 1935 ஆம் ஆண்டிற் கொண்டுவரப்பட்ட தார்ப்பன் ஒன்று 1998 வரை அங்கே உயிர்வாழ்ந்தது. ஒரு பெண்மீன் கோடிக்கு மேற்பட்ட முட்டைகளை இடவல்லதாயினும், முதிர்ந்த மீனொன்றின் இடத்தை இன்னொன்று நிரப்பப் பல்லாண்டுகள் செல்லும் என்பதை நாம் மனத்திற் கொள்ளவேண்டும்.

விளையாட்டுக்கு முற்பட்ட காலம்

புளோரிடாவின் தென்மேற்குக் கரையில் சார்லற் துறைமுகம் எனப்படும் பரந்த கழிமுகமும், அதனை அடுத்துத் தெற்கே பைன் தீவுக் குடாவும் அமைந்துள்ளன. ஐரோப்பியர் வருகைக்கு முன்னர் இப்பிரதேசம் கலூசா மக்களின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. பயிர்ச்செய்கையை நம்பாது, கடலின் விளைவைக் கொண்டே அரசொன்றை அமைத்து வாழ்ந்த மக்கள் என்ற வகையில் இவர்கள் மானிடவியலாளரின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்துள்ளனர். பதினெட்டாம் நூற்றாண்டில் நோயாலும் போராலும் அடிமை வேட்டையாலும் இவர்கள் அழிந்தொழிந்தனர். அவர்களுக்குப் பின் கியூபாவிலிருந்து வந்த மீனவர் இத்தீவுகளில் வாடிகள் அமைத்து, மணலை மீனை உப்பிட்டு உலர்த்தி ஹவானா நகரத்துக்கு அனுப்பினர். 1835 இல் மூண்ட இரண்டாம் செமினோல் யுத்தத்தோடு அவ்வாழ்வும் குலைந்தது.

இங்கு நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. விளையாட்டுத் தூண்டிற்காரர் எழுதிய நூல்கள் பல, அவர்கள் வந்தடைந்த கரையை ஆளரவமற்ற கன்னிநிலமாகவே வருணிக்கின்றன. உண்மையில் அது, பல தலைமுறைகளாக வலையும் ஈட்டியும் கொண்டு வாழ்ந்தவர்கள் வெளியேற்றப்பட்ட கரையாகும். தார்ப்பனைப் பிடிப்பதும் அப்போது அரிதாகவே நிகழ்ந்தது. பிடித்தோரும் நமது கரையோரத்தார் மண்டா என வழங்குவதையொத்த எறியீட்டியாலேயே குத்திப் பிடித்தனர். கோலும் மெல்லிய நூலுங் கொண்டு இம்மீனை அடக்க இயலாதென்பதே பொதுவான நம்பிக்கையாயிருந்தது.

1885: ஒரு விளையாட்டின் தோற்றம்

அந்நம்பிக்கையைத் தகர்த்தவர் எனப் பொதுவாகக் கூறப்படுபவர் நியூயோர்க்கைச் சேர்ந்த டபிள்யு. எச். வூட் என்பவர். 1885 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், புன்ரா றாசா என்னும் முனைக்கு அண்மையிலுள்ள நீர்ப்பரப்பில், அவர் கோலும் நூலுருளையும் கொண்டு ஒரு தார்ப்பனைப் பிடித்தார். அவருக்கு முன்பே தாம் பிடித்ததாக உரிமை கோரியோரும் உளர். எனினும் வூட்டின் செயலே பத்திரிகைகள் வாயிலாக உலகறிந்த செய்தியாயிற்று. அமெரிக்கச் செல்வரோடு ஆங்கில நாட்டுப் பிரபுக்களும் அடுத்த சில பருவங்களிலேயே அம்முனையை நாடி வரத் தொடங்கினர்.

புன்ரா றாசா அன்று எத்தகைய இடமாயிருந்தது? கியூபாவுக்கு மாடுகளைக் கப்பலேற்றும் துறையாகவும், ஹவானாவுக்குச் செல்லும் கடலடித் தந்திக்கம்பியின் நிலையமாகவுமே அது இருந்தது. அந்நிலையத்தில் தந்தி அலுவலராயிருந்த ஜோர்ஜ் ஷூல்ற்ஸ் என்பவர், பழைய படைமனை ஒன்றிலே வருவோர்க்குத் தங்குமிடம் அளித்தார். அதுவே பின்னர் தார்ப்பன் இல்லம் என்னும் பெயரோடு புகழ்பெற்றது. வூட் மீன்பிடித்த அதே ஆண்டில், அண்மையிலுள்ள போட் மயர்ஸ் என்னும் ஊரில் தோமஸ் எடிசன் தமது குளிர்கால வாசத்துக்கென நிலம் வாங்கினார். அடுத்த ஆண்டிலே புகையிரதப் பாதை சார்லற் துறைமுகத்தின் கரையிலுள்ள புன்ரா கோர்டாவை வந்தடைந்தது.

இந்நிகழ்ச்சிகள் ஓரிரு ஆண்டுகளுக்குள் ஒருங்கே நிகழ்ந்தமை தற்செயலன்று. உள்நாட்டு யுத்தத்துக்குப் பிற்பட்ட இருபது ஆண்டுகளில் வடமாநிலங்களிலே புகையிரதமும் உருக்கும் பங்குச்சந்தையும் ஈட்டிக்கொடுத்த செல்வம், குளிர்காலத்தைச் சூடான கரைகளிற் கழிக்கக்கூடிய ஒரு வகுப்பினரை உருவாக்கியிருந்தது. வூட்டின் கையிலிருந்த நூலுருளையுங்கூட அக்காலத்து நுண்பொறித் தொழிலின் விளைவே. நியூயோர்க்கின் வொம் ஹோவ் குடும்பத்தினர் போன்ற கைவினைஞர் பித்தளையும் கடின இரப்பரும் கொண்டு செய்த உருளைகள் இன்றி இவ்விளையாட்டு தோன்றியிராது. மீன் பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே பாய்ந்துகொண்டுதான் இருந்தது. அப்பாய்ச்சலை ஓர் இன்பமாக நுகர்வதற்கு வேண்டிய ஓய்வும் செல்வமும் கருவியும் ஒன்றுசேர்ந்த ஆண்டு 1885 எனலாம்.

போராட்டத்தின் இயல்பு

அவ்வின்பத்தின் இயல்பை அறியாது அதன் வரலாற்றை விளங்கிக்கொள்ள இயலாது. கழிமுக வாயிலில், வற்றுப்பெருக்கு மாறும் நேரத்தில், படகுகள் ஓட்டத்தோடு மிதந்து செல்கின்றன. உயிர்நண்டோ சிறுமீனோ கோத்த தூண்டில் ஆழத்திலே தொங்குகின்றது. மீன் கவ்வியதும் நூல் சீறிக்கொண்டு ஓடுகின்றது. சில கணங்களுக்குள் ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட வெள்ளியுடல் நீரைக் கிழித்து எழுந்து, செவுள் மூடிகள் சலசலக்கத் தலையை உதறி, முதுகு கீழாக வீழ்கின்றது. பத்தடி உயரம் வரை அது பாயும் என்பர். இக்கணத்தில் நூலை இறுக்கிப் பிடிப்பவன் மீனை இழப்பான். கோலைத் தாழ்த்தி, நூலைத் தளரவிட்டு, பாயும் மீனுக்குத் தலைவணங்குவது போன்று குனியவேண்டும் என்பது இவ்விளையாட்டின் முதற்பாடம். வெள்ளி வேந்தன் என்று அவர்கள் அம்மீனுக்குச் சூட்டிய பெயருக்கும் இக்குனிவுக்கும் உள்ள பொருத்தம் சுவையானது. தூண்டிலிற் பட்ட மீன்களுட் கைக்கு வந்து சேர்பவை சிலவே. பெரும்பாலானவை முதற்பாய்ச்சலிலேயே விடுதலை பெறுகின்றன. தோல்வியே வழக்கமாகவும் வெற்றி விதிவிலக்காகவும் அமைந்தமையே இப்போராட்டத்தின் ஈர்ப்பாகும்.

தொடக்ககாலக் கருவிகளோ இப்போராட்டத்தை மேலும் கடுமையாக்கின. உருளையின் ஓட்டத்தைத் தடுக்கும் உட்பொறி அன்று இருக்கவில்லை. தோற்றுண்டொன்றைப் பெருவிரலால் அழுத்தியே நூலின் வேகத்தைக் கட்டுப்படுத்தவேண்டும். மீன் ஓடும்போது உருளையின் கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று விரல்முட்டிகளைச் சிதைப்பதுண்டு. 1910களில் உட்தடுப்புப் பொறி கொண்ட உருளைகள் வழக்குக்கு வந்தபின்னரே இந்நிலை மாறிற்று.

தூண்டில் எங்கே பதிந்தது என்பதும் இவ்வரலாற்றில் முக்கியமானது. தொடக்கத்தில் நங்கூரமிட்ட படகிலிருந்து, மீன் இரையை முற்றாக விழுங்கும்வரை காத்திருந்து பிடித்தனர். எலும்பு வாயிற் பதியாத தூண்டில் குடலிற் பதிந்தது. அத்தகைய மீன் பிழைப்பதில்லை. பின்னர் கழிமுக வாயில்களில் ஓடும் படகிலிருந்து பிடிக்கும் முறை பரவியபோது, தூண்டில் வாயிலேயே பதியலாயிற்று. பாய்ச்சல்கள் மிகுந்தன, மீனை உயிரோடு விடுவதும் இயல்வதாயிற்று. ஆயினும் இயன்றதெல்லாம் உடனே நிகழ்ந்துவிடவில்லை.

கொக்கியும் புகைப்படமும்

சார்லற் துறைமுகத்தின் கடல்வாயிலாகிய போக்கா கிராண்டே, தார்ப்பன் வேட்டையின் தலைநகராயிற்று. மே முதல் யூலை வரை, முட்டையிடுவதற்கு ஆழ்கடல் செல்லுமுன் மீன்கள் அங்கே பெருங்கூட்டமாகத் திரள்கின்றன. பூரணை, அமாவாசை நாள்களில் வற்றும் நீர் நண்டுகளை அள்ளிக்கொண்டு கடலை நோக்கி விரையும்; மீன்கள் அவற்றுக்காக வாயிலிலே காத்திருக்கும். 1907 ஆம் ஆண்டளவில் அத்தீவுக்குப் புகையிரதம் வந்தது. அது தூண்டிற்காரருக்காக வந்ததன்று. உள்நாட்டிலே தோண்டப்பட்ட பொசுபேற்றைக் கப்பலேற்றவே வந்தது. அதே பாதையிற் செல்வரும் வந்தனர். அவர்களுக்கென மாளிகை போன்ற விடுதி எழுந்தது. விளம்பரத் தொழிலிற் பொருள் குவித்த பாரன் கொலியர் 1911 இல் அண்மையிலுள்ள யூசெப்பாத் தீவை வாங்கித் தூண்டிற்காரர் கழகமொன்றை அங்கே நிறுவினார். ஒரே தீவின் ஒரு முனையில் தொழிலாளர் பொசுபேற்றுத் தூசியிடையே உழைக்க, அருகிலுள்ள நீரிலே செல்வர் விளையாடினர். அத்துறையிலிருந்து பொசுபேற்று ஏற்றுமதி 1979 இல் முடிவுற்றது, விளையாட்டோ நீடிக்கின்றது.

1899 இல் வெளிவந்த ஓய்வு வகுப்பினரின் கோட்பாடு பற்றிய தமது நூலில், தோர்ஸ்ரைன் வெப்ளன் என்னும் பொருளியலறிஞர், வேட்டையும் விளையாட்டும் பழைய கொள்ளை வாழ்வின் எச்சங்கள் என்றும், பயனற்ற செலவே செல்வத்தின் சான்றாகிறது என்றும் வாதிட்டார். தார்ப்பன் வேட்டை அவர் கூற்றுக்குத் தக்க சான்றாகத் தோன்றுகின்றது. பிடித்த மீன் கொக்கியாற் குத்தி இழுக்கப்பட்டுத் துறையிலே தொங்கவிடப்படும். அதன் அருகில் நின்று படமெடுத்துக்கொண்டபின் செதிலொன்று பிடுங்கப்படும். உடலோ மீண்டும் நீரிலே வீசப்படும். சில பதஞ்செய்யப்பட்டு நகரத்து மாளிகைச் சுவர்களுக்குச் சென்றன. அத்திலாந்திக்கின் தென்கரையிலே, வடகிழக்குப் பிரேசிலில், இதே மீனை மக்கள் உணவாகக் கொள்கின்றனர். ஆகவே தார்ப்பன் உண்ணத்தகாத மீன் அன்று. உண்ணாது வீசத்தக்க வசதி படைத்தோர் கையில் அகப்பட்ட மீன் என்பதே பொருந்தும்.

எனினும் வெப்ளனின் கோட்பாடு முழு உண்மையையும் விளக்கிவிடவில்லை. அதற்குச் சான்றாக அமைபவர் அன்ரனி வெஸ்ரன் டிமொக். இளமையிற் பங்குச்சந்தையிலே பெரும்பொருள் ஈட்டிய இவர், முதுமையில் புளோரிடாவின் நீர்நிலைகளைச் சிறுபடகிலே சுற்றித் திரிந்தார். 1911 இல் அவர் வெளியிட்ட தார்ப்பன் நூல் இத்துறையிலே தனியிடம் பெறுவது. அவர் தூண்டிலிட, அவர் மகன் யூலியன் வேறொரு படகில் நின்று கண்ணாடித் தகட்டுப் புகைப்படக் கருவியால் மீனின் பாய்ச்சலைப் படம்பிடித்தார். கனத்த கருவியும், ஒவ்வொரு படத்துக்கும் மாற்றவேண்டிய தகடும், ஆடும் படகும், கணப்பொழுதில் மறையும் மீனும் என இவற்றை எண்ணிப்பார்ப்போர்க்கு அம்முயற்சியின் அருமை புலனாகும். படம் எடுக்கப்பட்டபின் மீன்களுட் பெரும்பாலானவை விடுவிக்கப்பட்டன. தென் கரோலைனாவின் கறுப்பின மக்களையும் புளோரிடாவின் செமினோல் மக்களையும் மதிப்போடு படம்பிடித்தவர் என்ற வகையிலும் யூலியன் டிமொக் நினைவுகூரத்தக்கவர்.

டிமொக்கின் செயலிலே நாம் காண்பது ஓர் எண்ண மாற்றம். இன்பம் இருந்தது மீனின் பாய்ச்சலிலேயா, அன்றி அதன் பிணத்திலேயா? பாய்ச்சலே இன்பமென்றால் பிணம் வேண்டியதில்லை. இவ்வெளிய முடிவைச் சமூகம் முழுவதும் ஏற்பதற்கு மேலும் ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது.

ரெக்சாஸ் தந்த பாடம்

அந்நூற்றாண்டின் நடுவே நிகழ்ந்தது ரெக்சாஸின் துயரம். போட் அரன்சாஸில் 1932 ஆம் ஆண்டில் தார்ப்பன் பெயராலேயே போட்டி விழாவொன்று தொடங்கப்பட்டது. 1950களிலும் 1960களிலும் அக்கரையில் தார்ப்பன் வேகமாக அருகியது. விழா இன்றும் நடைபெறுகின்றது. ஆனால் அதன் பெயரிலிருந்து தார்ப்பன் நீங்கி ஆழ்கடல் என்னும் சொல் இடம்பிடித்துவிட்டது. விடுதிச் சுவரிலுள்ள செதில்கள் மட்டும் பழைய பெருக்கத்துக்குச் சாட்சி பகர்கின்றன.

இவ்வீழ்ச்சிக்கு ஒரு காரணத்தை மட்டும் கூறுவது பொருந்தாது. மிகையான வேட்டை, கழிமுகங்களின் சீரழிவு, எல்லைக்கு அப்பாலும் இப்பாலும் நிகழ்ந்த அழிப்பு என்பன ஆய்வாளராற் குறிப்பிடப்படுகின்றன. ஆறுகளின் குறுக்கே எழுந்த அணைகளும் அவற்றுள் ஒன்று. 1953 இல் றியோ கிராண்டே ஆற்றிலே திறக்கப்பட்ட பல்கன் அணை இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நன்னீர் கடலிற் கலப்பது குறைந்தால் கழிமுகத்தின் உவர்த்தன்மை மாறும்; நண்டும் சிறுமீனும் குறையும்; குஞ்சுகள் வளரும் குட்டைகள் வறளும். ஆழ்கடலிற் பொரித்து, கண்ணாடி நாடா போன்ற இளவுருவத்தோடு கரைக்கு மிதந்து வந்து, கண்டற் குட்டைகளில் வளர்ந்து, மீண்டும் கடலேகும் இம்மீனின் வாழ்க்கைச் சுற்றில் ஓரிடம் அறுபட்டாலும் முழுவதும் அறுபடும். மனிதர் செய்த மாற்றம் எப்போதும் இழப்பையே தந்தது என்பதற்கில்லை. 1914 இல் திறக்கப்பட்ட பனாமாக் கால்வாயினூடாகத் தார்ப்பன் பசிபிக் சமுத்திரத்தை அடைந்து, அங்கும் பரவியுள்ளது. எனினும் ரெக்சாஸில் இழந்ததை அது ஈடுசெய்யவில்லை.

சட்டமும் விளையாட்டும்

ரெக்சாஸின் அனுபவம் புளோரிடாவுக்கு எச்சரிக்கையாயிற்று. 1989 இல் அம்மாநிலம், தார்ப்பனைக் கொல்ல விரும்புவோர் மீனொன்றுக்கு 50 டொலர் கொடுத்து அனுமதிச்சீட்டுப் பெறவேண்டுமென விதித்தது. ஐம்பது டொலர் அவர்களுக்குப் பெருந்தொகை அன்று. ஆயினும் கொல்லுதல் இயல்பான முடிவென்னும் எண்ணத்தை அது மாற்றிற்று. கொல்லுமுன் ஒருகணம் நின்று, இது எதற்காக என்று கேட்கவேண்டியதாயிற்று. இறந்த மீனைப் பதஞ்செய்வதற்குப் பதிலாக, அதன் அளவைக் கொண்டு செயற்கைப் பொருளில் உருவஞ் சமைக்கும் வழக்கமும் பரவியது. 2013 இல் விதி மேலும் இறுகியது. உலகச் சாதனை கருதிய அரிய விதிவிலக்குத் தவிர, பிடித்த தார்ப்பனை விடுவித்தே ஆகவேண்டும். 40 அங்குலத்துக்கு மேற்பட்டதை நீரைவிட்டு உயர்த்துதலும் ஆகாது. செயற்கைத் தூண்டிலின் அடியிலே ஈயக்குண்டு பிணைத்துப் போக்கா கிராண்டே வாயிலிற் பிடிக்கும் முறையும் அதே ஆண்டில் தடைசெய்யப்பட்டது. மீன் விரும்பிக் கவ்வாமலே அதன் உடலிற் கொளுவி இழுக்கும் முறை அது என்று பழைய வழிகாட்டிகள் குற்றஞ்சாட்டியிருந்தனர். அம்முறையைக் கையாண்டோர் அதனை மறுத்தனர். உணவுக்காகப் பிடிப்போனுக்கு இவ்வேறுபாடு பொருளற்றது. மீனின் பாய்ச்சலையே நாடுவோனுக்கு அதுவே எல்லாம்.

விடுவிக்கப்பட்ட மீன் பிழைக்கின்றதா என்ற வினாவும் எழுந்தது. ஒலிக்குறி பொருத்தி ஆராய்ந்தபோது, பெரும்பான்மையானவை பிழைத்தமை அறியப்பட்டது. இறந்தவற்றுள் பல, களைத்துச் சோர்ந்த நிலையிற் சுறாவுக்கு இரையானவை. ஆகவே போராட்டத்தை நீட்டிப்பதே பெருமை என்னும் பழைய எண்ணத்தையும் கைவிடவேண்டியதாயிற்று. விரைந்து அடக்கி விரைந்து விடுவதே இன்று சிறந்த தூண்டிற்காரனின் இலக்கணம். பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 2012 ஆம் ஆண்டு இம்மீன் பாதிப்புக்குள்ளாகக்கூடிய இனமாக வகைப்படுத்தப்பட்டதென்பதும் இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

யாருடைய கடல்?

இதுவரை கூறியதை மட்டும் கொண்டு, இது தன்னலத்தைத் துறந்தோரின் கதை என்று முடித்துவிடலாம். ஆயின் வரலாறு அவ்வளவு எளிமையானதன்று. 1994 நவம்பரில் புளோரிடா வாக்காளர், கரையோர நீரிலே செவுள்வலைகளைத் தடைசெய்யும் அரசியலமைப்புத் திருத்தமொன்றை ஏறத்தாழ 72 சதவீத ஆதரவோடு நிறைவேற்றினர். அது 1995 யூலையில் நடைமுறைக்கு வந்தது. இத்திருத்தம் தார்ப்பனை முன்னிட்டு எழுந்ததன்று. மணலை முதலிய கரையோர மீன்கள் பற்றியது. ஆனால் அதற்காகப் பெரிதும் உழைத்தோர் விளையாட்டுத் தூண்டிற்காரரின் அமைப்புகளே. கோற்றெஸ், சீடர் கீ, பைன் தீவு ஆகிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வலைவீசி வாழ்ந்த குடும்பங்கள் தொழிலிழந்தன. சீடர் கீயிலே பலர் மட்டி வளர்ப்புக்கு மாறிப் பிழைத்துக்கொண்டனர். வேறு பலருக்கு அவ்வழியும் கிட்டவில்லை.

வலைகள் மீன்வளத்தை வற்றச்செய்தன என்ற வாதத்தில் உண்மை இருந்தது. அதனை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் இரு தரப்பினரிடமும் கேட்கப்பட்ட தியாகத்தை ஒப்புநோக்குதல் வேண்டும். தூண்டிற்காரனிடம் சட்டம் கேட்டது ஒரு பிணத்தை. அவனது இன்பம் குறையவில்லை. வலைஞனிடம் கேட்டதோ அவனது சோற்றை. வாக்கெடுப்பில் எண்ணிக்கை மிக்கோர் கடலை நுகர்வோர். எண்ணிக்கை குறைந்தோர் கடலால் வாழ்வோர். தடுப்புச் சட்டங்களும் தடைவலயங்களும் நமது கரைகளுக்கும் புதியவை அல்ல. கடலைக் காப்பது பற்றிய எந்த விவாதத்திலும், காப்பதன் செலவு யார் தலையிற் சுமத்தப்படுகின்றது என்ற வினாவைக் கேளாது விடலாகாது என்பதற்கு இவ்வரலாறு சான்று பகர்கின்றது.

முடிவுரை

தார்ப்பன் விளையாட்டின் வரலாற்றை மூன்று படிகளாகத் தொகுத்துக் கூறலாம். செல்வமும் ஓய்வும் கருவியும் சேர்ந்து ஒரு புதிய உள்ளக்கிளர்ச்சியைப் படைத்தது முதற்படி. அக்கிளர்ச்சிக்குச் சான்றாகப் பிணத்தையும் செதிலையும் சேகரித்து, அதன் ஊற்றையே வற்றச்செய்யத் துணிந்தது இரண்டாம் படி. இன்பம் பாய்ச்சலில் உள்ளது, உடைமையில் இல்லை என்று உணர்ந்து மீனை விடுவித்தது மூன்றாம் படி. உணவாகப் பயன்படாமையால் நெடுங்காலம் தப்பியிருந்த மீன், விளையாட்டுக்குப் பயன்பட்டமையால் அழிவை நெருங்கி, அவ்விளையாட்டின் பொருட்டே இன்று காக்கப்படுகின்றது. மனிதர் தாம் விரும்புவதை அழிப்பர் என்பதற்கும், விரும்புவதன் பொருட்டே தம்மைத் திருத்திக்கொள்வர் என்பதற்கும் இது ஒருங்கே எடுத்துக்காட்டாகும்.

நான்காம் படியொன்று எஞ்சியுள்ளது. மீனுக்குத் தலைவணங்கக் கற்றவர்கள், அதே நீரிலே வலைவீசி வாழ்ந்தவனுக்கும் ஓரிடம் விடக் கற்கவேண்டும். இன்று போக்கா கிராண்டே வாயிலில் விடுவிக்கப்படும் இளமீனொன்று இன்னும் அரை நூற்றாண்டு வாழக்கூடும். அதற்குள் அப்பாடத்தை மனிதர் கற்பதற்குப் போதிய காலம் உண்டு.